தந்தியை யார் கொடுத்தார்கள்?

இது நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்தால் போதும்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தம்பி, "வெள்ளைக்காரன் வராமல் இருந்திருந்தால் நமக்கு ரயிலும் இல்லை, தந்தியும் இல்லை, இன்னும் மாட்டுவண்டியில்தான் போய்க்கொண்டிருப்போம்" என்று ஒரு ஃபார்வர்டைப் போட்டார். இன்னொரு தம்பி, "அவன் போட்டதெல்லாம் கொள்ளையடித்துக்கொண்டு போகத்தான், நமக்காகவா போட்டான்?" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் ராத்திரி பதினொன்றரை வரை மெசேஜ் மேல் மெசேஜ். கடைசியில் இன்றைய கட்சிகள் எல்லாம் உள்ளே வந்துவிட, அட்மின் குழுவைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போனார். "டீச்சர், நீங்க சொல்லுங்க, யார் சொல்றது சரி?" என்று மூன்று பேர் என்னைத் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

ரயிலைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. நம் செஞ்சிக்கு ரயிலே இன்னும் வரவில்லை; அது வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். தந்தி என் பாடம். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டு தம்பிகள் சொன்னதிலும் எனக்கு முழு ஒப்புதல் இல்லை. ஏனென்றால் இருவருமே "அவன் கொடுத்தான்" என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான், நல்ல மனதோடு கொடுத்தானா கெட்ட மனதோடு கொடுத்தானா என்று அடித்துக்கொண்டார்கள். கொடுத்தான் என்பதே சரியில்லை என்கிறேன் நான். தந்தி என்பது லண்டனில் முழுசாகச் செய்து, பெட்டியில் வைத்து, சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, "இந்தாங்கப்பா" என்று நீட்டிய பொருள் இல்லை. இந்த மண்ணில், இந்த மழையில், இந்த ஊர் மூங்கிலிலும் கருங்கல்லிலும், நம் ஜனங்கள் கட்டிய வரிப்பணத்தில் செய்து செய்து பார்த்துத்தான் அது வேலை செய்தது. அதைச் செய்த மனிதரின் கதையைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

பெயர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி. நான் வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னபோது கடைசி பெஞ்சு அதை "ஓசி சாக்லேட்" ஆக்கியது ஞாபகம் இருக்கிறதா? அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் இன்று இன்ஜினியர்கள்.

1809இல் அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில் பிறந்தவர். இங்கிலாந்து அல்ல, அயர்லாந்து. அதுவும் அப்போது இங்கிலாந்தின் பிடியில் இருந்த தேசம்தான். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1829இல் பட்டம் வாங்கினார். ஆமாம், தந்தி போட்டவர் டாக்டர். 1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது இவருக்கு வயது இருபத்திரண்டு. நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்து, நீரும் உப்பும் ஏராளமாக வெளியேறிவிட்டதால்தான் ரத்தம் கெட்டியாகிறது, அவற்றைத் திருப்பி உள்ளே சேர்க்க வேண்டும் என்று 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். மறு வருடமே தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து டாக்டர் உப்புநீரை நோயாளியின் ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார். நம் ஜி.எச்.சில் வாந்திபேதி என்று போனால் கையில் ஊசி குத்தி சலைன் பாட்டில் மாட்டுகிறார்களே, அதன் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு செய்தும் லண்டனில் தொழில் செய்ய அவருக்கு உரிமம் கிடைக்கவில்லை. 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்து கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியபோது அங்கே வேதியியல் பேராசிரியர் ஆனார். நம் நாட்டுக் கஞ்சாவின் மருத்துவ குணத்தை ஐரோப்பிய டாக்டர்களுக்கு எழுதிக் காட்டியவரும் இவர்தான். அதை இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. இதைப் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

இப்போது தந்திக்கு வருகிறேன். 1839. இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டோன் என்ற இருவர் ரயில் பாதையோரம் தந்திக் கம்பியைப் போட்ட அதே வருடம். அமெரிக்காவில் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பியது 1844இல். நம் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருகிற அந்த மோர்ஸுக்கு ஐந்து வருடம் முன்னாலேயே, கல்கத்தா தாவரவியல் பூங்காவில், படங்களில் பார்த்திருப்பீர்களே, ஒரே ஆலமரம் தோப்பாய்ப் பரந்து நிற்குமே, அந்தப் பூங்காவில் ஓஷாக்னசி மூங்கில் நட்டுப் பல மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்தார். அதில் ஒரு பகுதியை ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் போட்டார். தண்ணீருக்குள் போகிற கம்பிக்கு உறை வேண்டுமே? இன்றைக்குள்ள பிளாஸ்டிக் அன்று கிடையாது. தார் பூசிய நூலைக் கம்பியில் சுற்றினார், பிளந்த பிரம்புக்குள் வைத்தார், மேலே மறுபடியும் தார் நூல். நம் ஊரில் பிரம்புக் கூடை முடைகிறவர்கள் கையில் கொடுத்தால் அரை நாளில் செய்துவிடுவார்கள். விஷயம் அதுதான். கையருகே என்ன கிடைத்ததோ அதை வைத்து யோசித்தார்.

செய்தியைப் படித்த விதம் இன்னும் வேடிக்கை. இரண்டு முனையிலும் ஒன்றாக ஓடும்படி சரிசெய்த இரண்டு கடிகாரங்கள். வினாடி முள் சுற்றுகிற தட்டில் எழுத்துகள் எழுதியிருக்கும். அனுப்புகிறவர், தான் சொல்ல வேண்டிய எழுத்துக்கு முள் வருகிற நேரம் பார்த்து மின்சாரத்தை விடுவார். அந்த முனையில் உட்கார்ந்திருப்பவர் விரலைக் கம்பியில் வைத்திருப்பார். சுருக்கென்று ஷாக் அடிக்கும். அடித்த நொடியில் தன் கடிகார முள் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். சோதனைக்கூடத்தில் நீங்கள் பாட்டரி முனையை நாக்கில் வைத்துப் பார்த்து என்னிடம் திட்டு வாங்கினீர்களே, அதன் பெரியண்ணன் இது.

இதை அவர் எழுதி வெளியிட்டார். கம்பெனி சர்க்கார் கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய பத்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1848இல் டல்ஹவுசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகுதான் கதவு திறந்தது. கல்கத்தாவிலிருந்து கடல் முகம் நோக்கி டயமண்ட் ஹார்பர் வரை சோதனைக்காக ஒரு கம்பி போடச் சொன்னார்கள். 1851இல் அது வேலைக்கு வந்தது. கப்பல் வந்ததா, போனதா என்ற செய்தி வியாபாரிகளுக்கு உடனே தெரிந்தது. நம் இரண்டாவது தம்பி சொன்னதில் உண்மை இருக்கிற இடம் இது. முதலில் அந்தக் கம்பியால் லாபம் அடைந்தவர்கள் கப்பல்காரர்களும் கம்பெனி அதிகாரிகளும்தான். 1852இல் பர்மா மீது நடந்த போரின் செய்தியும் இதே கம்பி வழியாக ஓடியது. அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்கக் கம்பி போட வேண்டும் என்று டல்ஹவுசி லண்டனுக்கு எழுதி அனுமதி வாங்கினார்.

ஆனால் இந்தக் கம்பி எப்படி நின்றது என்பதுதான் எனக்கு முக்கியம். இங்கிலாந்தில் மெல்லிய கம்பி போதும். ரயில் பாதையோரம் காவல் உண்டு, குரங்கு கிடையாது. இங்கே அப்படியா? குரங்குக் கூட்டம் தொங்கும், பருந்தும் காக்கையும் வரிசையாக வந்து உட்காரும், புயல் அடிக்கும். மேல்மலையனூர் ரோட்டில் போய்வருகிறவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்கத் தேவையில்லை. அதனால் அவர் மெல்லிய கம்பியை விட்டுவிட்டு, கம்பி என்பதைவிடத் தண்டு என்று சொல்லும்படியான தடித்த இரும்பைத் தேர்ந்தெடுத்தார். குரங்கு ஏறினாலும் அறாது, கீழே விழுந்தாலும் வேலை செய்யும் என்று அதற்குக் காரணம் சொன்னார். கருவியும் அப்படித்தான். இங்கிலாந்தில் புழங்கிய கருவிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சின்ன ஊசி இடமும் வலமும் அசைகிற எளிய கருவி ஒன்றைத் தானே அமைத்தார். தத்துவம் நான் உங்களுக்குக் காட்டியதுதான்: கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் இருக்கிற காந்த ஊசி திரும்பும். டென்மார்க்கில் ஆர்ஸ்டெட் 1820இல் கண்டது. போவதற்கு ஒரு கம்பி இருந்தால் போதும். திரும்பி வருவதற்குப் பூமியே பாதை.

1853 நவம்பரில் பெரிய வேலை தொடங்கியது. 1854 மார்ச் 24இல் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு, சுமார் 800 மைல் தூரம், முதல் செய்தி போய்ச் சேர்ந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. முதலில் அவசரத்துக்கு ஒரு தற்காலிகக் கம்பி, பிறகு அதை மாற்றி நிலையான கம்பி என்று வேலை செய்தார்கள். 1855 பிப்ரவரி 1இல் பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அனுப்பலாம் என்று திறந்துவிட்டபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் ஒரே கம்பியில் கோத்தாகிவிட்டது. 3,000 மைலுக்கு மேல்.

இந்த வேகத்தை நம் ஊர்க் கணக்கில் யோசித்துப் பாருங்கள். சுல்பிகார் கான் நம் கோட்டையை வளைத்துக்கொண்டு 1690இலிருந்து 1698 வரை உட்கார்ந்திருந்தானே, அப்போது ஔரங்கசீப் தக்காணத்துப் பாசறையில் இருந்தார். இங்கே என்ன நடக்கிறது என்பது குதிரையில் போய், அதற்கு உத்தரவு குதிரையில் திரும்பி வர வேண்டும். 1750இல் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி ஒரே ராத்திரியில் கோட்டையைப் பிடித்த செய்தியும் புதுச்சேரிக்கு ஆள் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நூறு வருடம் கழித்து, கல்கத்தாவில் தட்டினால் சென்னைக்குக் கேட்கிறது.

இதற்கெல்லாம் கம்பம் எங்கிருந்து வந்தது? வங்காளத்தில் மூங்கில், பனை. தெற்கே மைசூர், தக்காணப் பக்கம் வந்தபோது கரையான் மரத்தைத் தின்றுவிடும், ஆனால் கல்லுக்குப் பஞ்சமில்லை. கருங்கல்லையே நீளமாகப் பிளந்து தூண் தூணாக நட்டு அதன்மேல் கம்பி இழுத்தார்கள். லண்டனில் உட்கார்ந்து யாரும் இதை யோசித்திருக்க முடியாது. கல்லில் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு வைத்து அடித்து, கோடு போட்ட மாதிரி பிளக்கிற வேலையை நம் ஊர்ப் பக்கம் பார்க்காதவர்கள் உண்டா? ராஜகிரி மதிலும் கல்யாண மகாலும் எந்தக் கைத்திறமையில் எழுந்தனவோ, அதே திறமைதான் தந்திக் கம்பத்தையும் நிறுத்தியது. 2025இல் யுனெஸ்கோ நம் கோட்டையைப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் ராஜாக்களின் பெயரை ஸ்டேட்டஸில் போட்டீர்கள். தப்பில்லை. கல்லுடைத்தவன் பெயர் அதில் கிடையாது, தந்தியிலும் கிடையாது.

பணம்? கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி நிலவரிதான். தென்னாற்காடு 1801இலிருந்து கம்பெனி கையில். நம் பாட்டனார்களின் பாட்டனார்கள் கட்டிய கிஸ்தியும் அந்தக் கம்பியில் இருக்கிறது. இரும்பு கப்பலில் வந்தது, உண்மை. விஞ்ஞானம் ஐரோப்பாவில் பிறந்தது, அதுவும் உண்மை. ஆர்ஸ்டெட் பெயரை நானே மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வீட்டை யாராவது "பில்டர் எனக்குக் கொடுத்தார்" என்பார்களா?

இனி நான் சொல்ல ஆசைப்படுகிற இன்னொரு பெயர். சிவச்சந்திர நந்தி. கல்கத்தாக்காரர். நாணயச் சாலையில் ஓஷாக்னசியிடம் வேலை செய்தவர். பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. டயமண்ட் ஹார்பர் கம்பி போட்டபோது அந்த முனையிலிருந்து முதல் செய்தியைத் தட்டியவர் இவர்தான். இந்த முனையில் டல்ஹவுசி பக்கத்தில் நிற்க, ஓஷாக்னசி அதை வாங்கினார். பிறகு நூற்றுக்கணக்கான மைல் கம்பி வேலைக்கு இவரே பொறுப்பு. டாக்காவுக்குக் கம்பி கொண்டுபோக வேண்டும், நடுவே பத்மா ஆறு. கடல் மாதிரி ஆறு அது. கேபிள் போட நீராவிக் கப்பல் வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. நந்தி என்ன செய்தார்? மீனவர்களைக் கூப்பிட்டார். அவர்களுடைய படகுகளை வைத்தே ஆற்றின் குறுக்கே கேபிளை இறக்கினார். மீனவனுக்கு அந்த ஆற்றின் நீரோட்டம் தெரியும், எந்த மாதம் எங்கே ஆழம் என்று தெரியும். இன்ஜினியரிங் என்பது இதில்லாமல் வேறென்ன?

1883இல் அவருக்கு ராய் பகதூர் பட்டம் கொடுத்தார்கள். ஓஷாக்னசிக்கு 1856இலேயே 'சர்' பட்டம் வந்துவிட்டது. அந்த இருபத்தேழு வருட இடைவெளியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஓஷாக்னசி ஓய்வுபெற்று ஊருக்குப் போய், தன் பெயரையே மாற்றிக்கொண்டு, 1889இல் இங்கிலாந்தில் சவுத்சீ என்ற கடலோர ஊரில் காலமானார். நந்தி 1903 வரை கல்கத்தாவில் இருந்தார்.

என் மாணவர்களில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருப்பவர்கள் சிலர். ஃபைபர் கேபிள் இழுக்கிறவர்கள் உண்டு, செல்போன் டவரில் ஏறுகிறவர்கள் உண்டு. கல்யாணத்தில் பார்த்தால் "நான் சாதாரண லைன்மேன்தான் டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் அடித்து நம் விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் கிடந்தபோது, எந்தக் கம்பம் எந்த வயல் வழியாகப் போகிறது, எங்கே கால் வைத்தால் புதையும் என்று தெரிந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் கரண்ட் கொடுத்தது யார்? அந்த "தான்" எதற்கு? நந்தியும் லைன்மேன்தான்.

சரி, ஓஷாக்னசியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் அவசரக்காரர். அவர் போட்ட கம்பிகளில் மழைக்காலத்தில் மின்சாரம் கசிந்தது. ஈரக் கம்பம் வழியாகப் பூமிக்குள் இறங்கிவிட்டால் அந்த முனைக்கு என்ன போகும்? கம்பத்து உச்சியில் பீங்கான் குப்பி இருப்பது இதற்காகத்தான் என்று பத்தாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டினேன். அவருடைய ஊசிக் கருவியும் நிலைக்கவில்லை. 1857 வாக்கில் அவரே மோர்ஸ் கருவிக்கு மாற ஏற்பாடு செய்தார். பின்னால் வந்த இன்ஜினியர்கள் அவர் வேலையை இளக்காரமாகப் பேசினார்கள். அவர்கள் வரும்போது கம்பி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

1857ஐத் தாண்டிப் போக முடியாது. மே 11 காலை, மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் டெல்லிக்குள் புகுந்தார்கள். டெல்லி தந்தி ஆபீஸிலிருந்த இரண்டு இளைஞர்கள் அந்தச் செய்தியை அம்பாலாவுக்குத் தட்டிவிட்டு ஓடினார்கள். அங்கிருந்து அது பஞ்சாப் முழுக்கப் பரவியது. 13ஆம் தேதி லாகூரில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு விஷயம் தெரிவதற்கு முன்பே அவர்கள் கையிலிருந்த ஆயுதத்தை வாங்கிவிட்டார்கள். கலகக்காரர்களுக்கும் இது புரிந்தது. போகிற வழியெல்லாம் கம்பியை அறுத்தார்கள், கம்பத்தைப் பிடுங்கினார்கள். அந்த நேரத்தில் ஓஷாக்னசி இந்தியாவிலேயே இல்லை. ஆனால் அவர் செய்தது அவர் இல்லாமலே தன் முதலாளிக்கு வேலை செய்தது. தந்தியால்தான் ஆட்சி பிழைத்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டு 1902இல் டெல்லியில் ஒரு நினைவுத்தூணே எழுப்பினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் நம்பிக்கை. தந்தி மட்டும் யாரையும் காப்பாற்றாது. பீரங்கியும் பணமும் அவர்களிடம் இருந்தன. ஆனாலும் இரண்டு நாள் முந்திக்கொள்வது போரில் சின்ன விஷயம் இல்லை. ஆகவே "நமக்காகவா போட்டான்?" என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை, நமக்காகப் போடவில்லை. இதில் தயக்கமே கிடையாது.

அப்படியென்றால் இரண்டாவது தம்பிதான் ஜெயித்தாரா? கொஞ்சம் பொறுங்கள்.

1908இல் என்ன ஆயிற்று? கல்கத்தா, பம்பாய், சென்னை, ரங்கூன் என்று எல்லா இடத்திலும் தந்தி ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்த கைகள், அதே கம்பி வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டன. அதே மாதங்களில்தான் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தமும், மார்ச் 12இல் வ.உ.சி. கைதும், அடுத்த நாள் திருநெல்வேலி கொந்தளித்ததும்.

பிறகு 1942. ஆகஸ்ட் போராட்டத்தில் நாடு முழுக்க, நம் தமிழ்நாட்டிலும், இளைஞர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று தந்திக் கம்பியை அறுப்பது. ராத்திரியில் கம்பத்தில் ஏறி அறுத்துவிட்டு, மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். "தந்திக் கம்பி அறுத்த கேஸ்" என்று பழைய தியாகிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சர்க்காரின் நரம்பு எது என்று கிராமத்துப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அதே 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் ஒரு நாளிதழ் தொடங்குகிறார். அதற்கு அவர் சூட்டிய பெயரில் இருந்த சொல் என்ன? தந்தி. ஒரு பக்கம் ஜனங்கள் தந்தியை அறுக்கிறார்கள். இன்னொரு பக்கம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஜனங்களுக்கான பத்திரிகைக்கு அதே தந்திதான் பெயர். இரண்டையும் செய்தது நாம். இதை எந்த ஃபார்வர்டிலும் எழுத மாட்டார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தந்தி என்றால் வீணையின் கம்பி, யாழின் நரம்பு. தமிழில் ரொம்ப காலமாக இருக்கிற சொல். டெலிகிராஃப் வந்தபோது நம்மவர்கள் நீட்டி முழக்கி ஒரு மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கம்பியில் ஒரு முனையைத் தொட்டால் இன்னொரு முனை பேசுகிறது. அட, இது தந்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் யாரோ. பிறகு அது கம்பிக்கும் பெயர், அதில் வருகிற தாளுக்கும் பெயர்.

அந்தத் தாள் நம் தெருவுக்கு வந்த விதத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிள் மணி கேட்டு, காக்கிச் சட்டைக்காரர் "தந்தி" என்று சொன்னதும், பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பாதித் தெரு அழ ஆரம்பித்துவிடும். "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி" என்று வந்தால் அப்பா போய்விட்டார் என்று அர்த்தம். அதிர்ச்சி தாங்கமாட்டார்கள் என்று சீரியஸ் என்பார்கள், அது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். வார்த்தைக்குக் காசு என்பதால் ஆங்கிலம் தெரியாத வீட்டிலும் இந்த நாலு வார்த்தை தெரியும். என் சித்தி ஒருத்தி, பையன் வேலையில் சேர்ந்துவிட்டான் என்ற தந்தி வந்தபோது கையெழுத்துப் போடாமலே மயங்கி விழுந்துவிட்டாள். அப்புறம் தபால்காரரே தண்ணீர் தெளித்து, "நல்ல சேதிதாம்மா, எழுந்திரும்மா" என்று எழுப்பி உட்காரவைத்து, இனாமும் வாங்கிக்கொண்டு போனார். கல்யாண மண்டபத்தில் வாழ்த்துத் தந்திகளை மைக்கில் வாசிப்பதற்கென்றே குரல் வளமான மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். வாழ்த்து வாக்கியங்களுக்கு எண் உண்டு. எண்ணைக் குறித்துக் கொடுத்தால் வாக்கியம் வந்துவிடும்.

டல்ஹவுசி இதற்காகவா கம்பி போட்டார்? ஓஷாக்னசி தார் நூலைப் பிரம்பில் திணித்தபோது என் சித்தியை நினைத்துப் பார்த்திருப்பாரா? போட்டவர்களின் எண்ணம் ஒன்று. எடுத்துக்கொண்டவர்கள் அதை வைத்துச் செய்தது வேறு. நம்மவர்கள் கல்லுடைத்து நட்டார்கள், வரி கட்டினார்கள், கேபிள் இறக்கினார்கள், தேவைப்பட்டபோது அறுத்தார்கள், பிறகு சாவுக்கும் கல்யாணத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். இதில் கை நீட்டி வாங்கிக்கொண்டு நின்ற இடம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

பாடநூல் எழுதும் குழுக்களில் இருக்கிற என் மாணவர்கள் இரண்டு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். "தந்தியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்ற ஒரு மதிப்பெண் கேள்வி இருக்கட்டும், மோர்ஸ் இருக்கட்டும். பக்கத்திலேயே, "இந்தியாவில் தந்திக் கம்பங்கள் ஏன் சில இடங்களில் மூங்கிலாலும் சில இடங்களில் கருங்கல்லாலும் அமைந்தன?" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வையுங்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுத முடியாது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால்தான் விடை வரும். செஞ்சிப் பிள்ளைகளுக்கு அதில் முழு மதிப்பெண் கிடைக்கும்.

2013 ஜூலை 14 ராத்திரியோடு தந்தி சேவையை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாளில் ஞாபகத்துக்காக அனுப்ப வந்தவர்களின் வரிசை நீளமாக இருந்தது. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய தந்தித் தாள் ஏதாவது இருந்தால் வெளியே எடுங்கள். மை மங்கிக்கொண்டே போகும், மடிப்பில் கிழியும். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, யாருக்கு எதற்காக வந்தது என்று ஒரு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். மைசூர், பெல்லாரிப் பக்கம் வேலையில் இருப்பவர்கள் பழைய சாலையோரத்தில் காரணம் தெரியாமல் தனியாக நிற்கிற கருங்கல் தூணைப் பார்த்தால், அதன் உச்சியையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.